பட்டனில் ஒட்டிய வார்னிஷ்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் வைண்டிங்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. மின்கட்டண ரசீதைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. கருகிப்போன மோட்டாரை யார் தூக்கிக்கொண்டு வந்தாலும், முதலில் குனிந்து மோந்து பார்ப்பார். "இது தண்ணி இல்லாம ஓடியிருக்கு", "இது மழைல நனைஞ்சிருக்கு", "இத உங்க மச்சான் கழட்டியிருக்கான்" என்று நாடி பிடித்தவர் மாதிரி சொல்லிவிடுவார். மச்சான் விஷயம் வரைக்கும் சரியாக இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஆறாவதைத் தாண்டவில்லை. பன்னிரண்டு வயதில், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் ஒரு வைண்டிங் பட்டறையில் உட்கார்ந்தவர், தலை நரைத்து நிமிர்ந்தபோது சொந்தக் கடையில் இருந்தார். கீழே கடை, மேலே வீடு. விரல்களெல்லாம் வாழைப்பூ நிறம். சுற்றிய கம்பிக்குக் காப்பாகப் பூசும் வார்னிஷ் ஏறி ஏறி, எந்தச் சோப்புக்கும் மசியாத நிறம் அது.

தொழிலில் இரண்டு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. ஒன்று, கருகின மோட்டாரில் பழைய கம்பியை ஒரு சுற்று கூட மிச்சம் வைக்க மாட்டார். "பாதி நல்லாத்தானே இருக்கு, அதை அப்படியே விட்டுட்டு மிச்சத்தை மட்டும் சுத்துங்களேன்" என்று யாராவது கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பழசு மேல புதுசச் சுத்தினா ரெண்டும் சேந்து கருகும். மொத்தமா உருவிட்டு, கம்பி உக்கார்ற பள்ளத்தையெல்லாம் சொரண்டிட்டு, பொறந்த குழந்தை மாதிரி ஆக்கிட்டுத்தான் புதுசு" என்பார். இரண்டாவது, உருவிய பழைய செம்பை ஒரு கிராம் குறையாமல் பையில் கட்டி வைத்திருப்பார். வாடிக்கையாளர் வந்து, மோட்டார் ஓடுவதைக் காதால் கேட்டு, தலையாட்டிய பிறகு அந்தப் பையை அவர் கையிலேயே கொடுப்பார். மற்ற கடைகளில் பழைய செம்பு எங்கே போனது என்று கேட்டால், கேட்டவரைத்தான் திருடனைப் போலப் பார்ப்பார்கள்.

குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. "தெரியாது" என்ற சொல் அந்த வாயில் வராது. வீட்டுக்கு வந்த துணி துவைக்கும் மெஷினைத் திறந்தார், சரி செய்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார், அதுவும் பிழைத்தது. சுவர்க் கடிகாரத்தைத் திறந்தார். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சுவரைப் பார்த்து மணி சொல்வதில்லை.

மருமகள் வீட்டுப் படம் வரைகிறவள். வீடு கட்டுகிறவர்களுக்கு எங்கே சுவர், எங்கே படி, எங்கே ஜன்னல் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அவள் தொழில். இத்தனை நாளும் ஒரு இன்ஜினியரிடம் வரைந்து கொடுத்தாள்; படத்தின் மூலையில் அவர் பெயர் இருக்கும். இப்போதுதான் முதல்முறையாக ஒரு கட்டடக்காரர் நேராக அவளைத் தேடி வந்து, மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை ஒப்படைத்திருந்தார். மூலையில் அவள் பெயர். திங்கட்கிழமை படத்தைக் கொடுத்தாக வேண்டும்.

சிக்கல் லேப்டாப்பில் வந்தது. அது கல்லூரிக் காலத்தில் அவள் வாங்கியது. படம் வரைகிற சாஃப்ட்வேர்க்காரர்கள், பழைய சிஸ்டத்தில் இனி ஓடாது, புதிய சிஸ்டம் ஏற்றினால்தான் ஓடும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பழைய பெட்டியில் புதியது ஏறுமா என்பதே சந்தேகம்.

"புதுசே வாங்கிடலாமா?" என்றான் மகன்.

"நல்லா இருக்கிறதத் தூக்கிப் போடவா? எதிர்க்கடைல கேட்டுப் பாக்கிறேன்" என்றாள் அவள்.

எதிர்க்கடை லேப்டாப் கடை. அதன் சொந்தக்காரரைத் தெருவே ஸ்க்ரூ என்றுதான் கூப்பிடும். வேலை செய்யும்போது கழற்றிய ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் வைண்டிங்காரர் வாய்க்கு அவர் 'தம்பி'தான். அவர் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, ஏற்றலாம் என்றார். நினைவகம் கூட்ட வேண்டும், பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு வேகமான புது டிஸ்க் போட வேண்டும், உள்ளே அணைத்து வைத்திருக்கும் பாதுகாப்பு அமைப்பு ஒன்றை முடுக்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

மருமகள் தன்னைக் கேட்காமல் எதிர்க்கடைக்குப் போனது வைண்டிங்காரருக்குச் சுருக்கென்று இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைவு என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மதியம் லேப்டாப் திரும்பி வந்தது. பழைய டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் ஸ்க்ரூ புது டிஸ்க்குக்கு அப்படியே மாற்றியிருந்தார். புதிய சிஸ்டம் பாதி ஏறியிருந்தது. "மிச்சம் வீட்லயே தானா ஏறிடும்மா. சார்ஜர்ல போட்டு விட்ருங்க. அணைஞ்சு அணைஞ்சு எரியும், நகராத மாதிரி நிக்கும். பயந்துடாதீங்க. நடுவுல நிறுத்தாம இருந்தாப் போதும்."

அவள் அதை மாடியில் சாப்பாட்டு மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்த நேரத்தில், கட்டடக்காரர் போன் செய்து அளவு எடுக்கக் கூப்பிட்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"மாமா, சார்ஜர் கழண்டுக்காம மட்டும் பாத்துக்கங்க. வேற ஒண்ணுமே செய்ய வேண்டாம்."

ஒன்றுமே செய்ய வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? ஊரில் ஓடுகிற பாதி மோட்டார் அவர் கைபட்டது. அவரைப் பார்த்து, ஒரு பிளக்குக்குக் காவல் இரு என்கிறாள். அப்போதுதான் ஒரு மோட்டாரை வார்னிஷில் முக்கி, காய வைத்துவிட்டுச் சாப்பிட மேலே வந்திருந்தார். கையைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஒரு எண். சாப்பிட்டு முடித்தார், அதே எண். தண்ணீர் குடித்தார், அதே எண். சின்னதாகக் கண்ணசந்து எழுந்தார். வட்டம் சுற்றுகிறது, எண் அசையவில்லை.

"இது சிக்கிக்கிச்சு" என்றார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி திரும்பக்கூட இல்லை. "அது சிக்கலை. உங்க கைதான் அரிக்குது."

"சுத்துது, ஆனா நகரலைன்னா என்ன அர்த்தம்? பேரிங் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். இப்படியே விட்டா சூடேறிக் கருகிடும்."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லிட்டுப் போச்சு?"

"அவளுக்கு என்ன தெரியும்?"

மனைவி துணிக்கட்டோடு உள்ளே போய்விட்டாள். அவர் லேப்டாப்பின் அடியில் கை வைத்துப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது. சிக்கிய மோட்டாருக்கு முதல் வைத்தியம் மின்சாரத்தை நிறுத்துவது. பட்டனை அழுத்திப் பிடித்தார். அணைந்தது. மறுபடி அழுத்தினார். எரிந்தது, வட்டம் சுற்றியது, நின்றது. மறுபடியும் அணைத்தார். இந்தத் தடவை வட்டம் வரவில்லை. நீலமாக ஒரு பக்கம் வந்து, ஏதோ கோளாறு என்று சொல்லி, சில கட்டங்களைக் காட்டியது.

அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வரும். மோட்டார் உதிரிப் பாகங்களின் அட்டைகளைப் படித்துப் படித்து வந்த ஆங்கிலம். ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டே போனார். கடைசியில் இரண்டு வழி காட்டியது. இருப்பதை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் எடுத்துவிடவா. ரிமூவ் என்ற சொல் அவருக்கு அத்துபடி. கேள்வி அவருக்குத் தெளிவாகவே புரிந்தது. அதுதான் பிறகு அவரை அறுத்தது. புரியாமல் அழுத்தினேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

பழசு மேல் புதுசைச் சுற்றினால் ரெண்டும் கருகும். அதனால்தான் சிக்கியிருக்கிறது. அந்த ஸ்க்ரூவுக்கு இந்தச் சூட்சுமம் தெரியவில்லை, பாவம். மொத்தமாக உருவு.

உறுதிதானா என்று கேட்டது. உறுதிதான் என்று என்டரை அழுத்தினார். மறுபடியும் கேட்டது. மிஷின் இவ்வளவு பயப்படுகிறதே என்று சிரித்துக்கொண்டே மறுபடியும் அழுத்தினார்.

எண் கடகடவென்று ஏறியது. வெளியே வெயில் தணிவதற்குள் திரை பளிச்சென்று வந்து, வணக்கம் சொல்லாத குறையாக நின்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா? பொறந்த குழந்தை மாதிரி ஆயிடுச்சு."

"குழந்தைக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதே" என்றாள் அவள், ஒரு எண்ணமும் இல்லாமல்தான்.

அவர் திரையில் மருமகளின் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினார்.

மருமகள் வந்து லேப்டாப்பைத் திறந்தாள். பட்டனில் வைத்த விரலை எடுத்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அங்கே தட்டினாள், இங்கே தட்டினாள். முகம் வெளுத்துப்போனது.

"படம் இல்ல" என்றாள். "எதுவுமே இல்ல. மாமா, நடுவுல ஏதாவது..."

"நான் தொடவேயில்ல" என்றார் அவர். வாய் முந்திக்கொண்டது. "சார்ஜரைத்தான் பாத்துட்டு இருந்தேன். அந்தக் கடைக்காரன்தான் என்னத்தயோ பண்ணிக் குடுத்திருக்கான்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி வாசலில் வந்து நின்று அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் வாயை அடைத்த முதல் சந்தர்ப்பம் அது.

மகன் வேலையிலிருந்து வந்தான், கேட்டான், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். மருமகள் பின்னாலேயே ஓடினாள். "சண்டை போடாதீங்க. பழைய டிஸ்க் இருக்கான்னு மட்டும் கேளுங்க." அவன் காதில் அது ஏறவில்லை. வைண்டிங்காரரும் போனார். போகாமல் இருந்தால் தப்பாகத் தெரியும் என்று போனார்.

சனிக்கிழமை சாயங்காலம். ஸ்க்ரூவின் கடையில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏங்க, வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்! அவ ராப்பகலா வரைஞ்சத மொத்தமாத் தொடச்சுக் குடுத்திருக்கீங்க!"

ஸ்க்ரூ உதட்டிலிருந்த ஸ்க்ரூக்களை எடுத்து மூடியில் போட்டார். "இருங்க சார். நான் குடுக்கும்போது எல்லாமே இருந்துச்சு. மேடமே பாத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போனாங்க. வீட்ல யாராவது நடுவுல நிறுத்தினீங்களா?"

"யாரு நிறுத்துவா? எங்கப்பா பக்கத்துலயேதான் உக்காந்திருந்தார். அவரையே கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். ஸ்க்ரூவும் திரும்பினார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை; அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போல ஒரு பார்வை.

"நான் தொடல தம்பி" என்றார் வைண்டிங்காரர்.

ஸ்க்ரூ லேப்டாப்பை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப என் கைலதான் ஏதோ தப்பாயிருக்கும். மன்னிச்சிருங்க மேடம். ஆனா ஒண்ணும் போயிடலை." மேசை இழுப்பறையைத் திறந்து, உறையில் போட்டு ஒட்டிய பழைய டிஸ்க்கை எடுத்தார். "கழட்டினத உடனே குடுக்க மாட்டேன், தூக்கியும் போட மாட்டேன். ஓடுதுன்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னப்புறம் உங்க கைல குடுக்கலாம்னு வச்சிருந்தேன். இதுல எல்லாமே அப்படியே இருக்கு."

மருமகள் அந்த உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைப் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல பழக்கம்" என்றார் நின்றவர்களில் ஒருவர்.

"நம்ம அண்ணன்கிட்டப் பாத்ததுதான்" என்றார் ஸ்க்ரூ. "கடை போட்ட புதுசுல பாத்தேன், பழைய செம்பைப் பையில கட்டி வச்சிருந்து குடுப்பாரு. தொழில்னா இப்படி இருக்கணும்னு அன்னைக்கு நினைச்சுக்கிட்டேன்."

வைண்டிங்காரர் ஒரு எட்டு பின்னால் நகர்ந்து நின்றார். கீழே பார்த்தார். கீழே அவர் கைகள்தான் தெரிந்தன.

"பழசு இருந்துச்சு, பொழைச்சீங்க" என்றான் மகன், குரல் இன்னும் இறங்காமல். "நாளைக்குள்ள திரும்ப ஏத்திக் குடுங்க. இந்தத் தடவையாவது ஒழுங்காப் பண்ணுங்க."

படியேறும்போது அவனைத் தடுத்துச் சொல்லியிருக்கலாம். சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படம் கிடைத்துவிட்டது, பிறகென்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி தண்ணீர் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "முழுங்குங்க. உண்மையவே முழுங்கியாச்சே" என்றாள் மெதுவாக.

மறுநாள் ஞாயிறு. கடை திறக்க வேண்டியதில்லை; வீட்டில் இருக்க முடியாமல் திறந்தார். ஒரு மோட்டாரை எடுத்து வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். கணக்குத் தப்பியது. அவிழ்த்தார். மறுபடியும் தப்பியது.

எதிரே ஸ்க்ரூ குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு அம்மாள் லேப்டாப் பையோடு அவர் கடைப் படியில் ஏறினாள். பக்கத்துக் கடைக்காரர் அவளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். தெருவில் சின்னக் குரலில் யாருக்கும் பேச வராது. "...நேத்து ஒரு பொண்ணோட வேலையெல்லாம் அழிச்சிட்டாராம், பெரிய சண்டை..." அம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஸ்க்ரூ தலை நிமிர்ந்து அவள் போவதைப் பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்க்ரூ தெருவைக் கடந்து வந்தார்.

"அண்ணே, கொஞ்சம் தின்னர் கிடைக்குமா?"

"எதுக்கு?"

"மேடம் லேப்டாப்ல பட்டன்லயும் என்டர்லயும் என்னமோ பிசுபிசுன்னு ஒட்டியிருக்கு. நானும் ஸ்பிரிட் போட்டுப் பாத்தேன், போகல. பழுப்பா இருக்கு. உங்ககிட்ட இருக்கிற தின்னருக்குப் போகும்னு தோணுச்சு."

அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. வைண்டிங்காரரின் கை தானாகப் போய்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தது. ஸ்க்ரூ "தேங்க்ஸ்ணே" என்று வாங்கிக்கொண்டு போனார். வார்னிஷை வார்னிஷ் என்று தெரியாத மடையனா அவர்? இத்தனை வருஷமாக எதிரே உட்கார்ந்து அந்த வாசனையைத்தானே மூச்சாக இழுக்கிறார்?

வைண்டிங்காரர் உட்கார்ந்திருந்தார். பிறகு கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். அவ்வளவு அகலமான தெரு என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

"குடு தம்பி. நான் தொடைக்கிறேன்."

"பரவாயில்லைண்ணே..."

"குடுங்கிறேன்ல. என் கை வார்னிஷ் அது."

கடையில் அப்போது இரண்டு பேர் இருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். நல்லது, கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. மன்னிப்புக் கூட அதட்டலாகத்தான் வந்தது.

"நிறுத்தினது நான். எல்லாத்தையும் அழின்னு அழுத்தினதும் நான். புரிஞ்சேதான் அழுத்தினேன். தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. நேத்து நான் சொன்னது பொய்."

அவர் குனிந்து தின்னரில் நனைத்த துணியால் தேய்த்தார். பட்டனில் போய்விட்டது. என்டரில் எழுத்தும் சேர்ந்து கொஞ்சம் போனது.

"அண்ணே, எழுத்தையும் ரிமூவ் பண்ணிடாதீங்க" என்றார் ஸ்க்ரூ. நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வைண்டிங்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்க்ரூவின் கண்ணை நிமிர்ந்து பார்க்கவும் வரவில்லை.

லேப்டாப் ஆயிற்றா என்று கேட்க மகனும் மருமகளும் படியிறங்கி வந்தார்கள். அவர் இன்னொரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது எளிது என்று நினைத்திருந்தார், எளிதாக இல்லை.

மகன் அப்பாவின் கையிலிருந்த துணியைப் பார்த்தான். "என்னப்பா நீங்க..." என்றான். பிறகு ஸ்க்ரூவின் பக்கம் திரும்பி, நேற்றுப் பேசியதற்கு முகம் கறுத்து மன்னிப்புக் கேட்டான். அப்பாவின் பொய்க்கு மகன் தலைகுனிவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

மருமகள் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு நேத்தே தெரியும் மாமா" என்றாள். "திறந்தப்பவே விரல்ல ஒட்டிச்சு."

"அப்ப ஏன்மா சொல்லல?"

"நாலு பேருக்கு முன்னாடி உங்கள எப்படிச் சொல்றது? டிஸ்க் கிடைச்சாப் போதும்னு விட்டுட்டேன்." அவள் ஸ்க்ரூவைப் பார்த்தாள். "அவரத் திட்டும்போதும் சும்மா நின்னேன். ராத்திரியெல்லாம் தூக்கமே வரல."

அவருக்குத் தன் பொய் ஒன்றுதான் தெரிந்திருந்தது. அதை இந்தப் பெண்ணும் சுமந்துகொண்டு படுத்திருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. மரியாதை என்று அவள் அவருக்குக் கொடுத்தது, எதிர்க்கடைக்காரரின் நல்ல பெயரிலிருந்து எடுத்துக் கொடுத்தது. துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

புதிய சிஸ்டம் அன்று சாயங்காலத்துக்குள் ஸ்க்ரூவின் கடையிலேயே முழுசாக ஏறியது. வட்டம் அதே மாதிரி வெகுநேரம் ஒரே எண்ணில் நின்றது, யாரும் தொடாததால் தானாகவே நகர்ந்தது. திங்கட்கிழமை படம் போய்ச் சேர்ந்தது, மூலையில் அவள் பெயரோடு. வீட்டில் யாரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. பேசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். லேப்டாப்பில் வட்டம் சுற்றுவதைக் கண்டால் மட்டும், கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்.

சில வாரம் கழித்து ஒருவர் புதுவகை மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மோந்து பார்த்தார். கருகிய வாடை இல்லை. மூடியைத் திறந்தால் கம்பிக்கு மேலே பச்சையாக ஒரு சர்க்யூட் பலகை. ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தவர், அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இது எனக்குத் தெரியாதுங்க" என்றார். "எதிர்க்கடைல ஒரு வார்த்தை கேளுங்க. அவரு நல்லாப் பண்ணுவாரு."

மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்த மனைவி பாதிப் படியிலேயே நின்றாள். "யாரு பேசுறது, நம்ம கடைலயா?"

வந்தவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். எதிரே ஸ்க்ரூ அவரிடம் கேட்டுவிட்டு, இந்தப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். வைண்டிங்காரர் குனிந்து, காலியாக இருந்த ஒரு மோட்டார்க் கூட்டின் பள்ளங்களைச் சுரண்ட ஆரம்பித்தார். அவை முன்னமே சுத்தமாகத்தான் இருந்தன.